மூன்று டன் தகரம்

"அந்த வண்டியையே கட்டிக்கினு சாவுன்னு நீ சொன்னியா இல்லியா?"

கேட்டது இன்ஸ்பெக்டர் சரோஜா. பதில் சொல்ல வேண்டியவள் ஷாரோன். இடம், கூடுவாஞ்சேரியில் ஒரு வாடகை வீட்டு ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் கறிக்கடைக் கூட்டம் இன்னும் கலையவில்லை.

"சொன்னேன் மேடம். கோவத்துல சொன்னேன். புருஷன் பொண்டாட்டி சண்டையில இன்னா வார்த்த வராது?"

"தெருவுக்கே கேட்டுக்கீது. மறுநாள் காலையில உன் வூட்டுக்காரு வண்டிக்கு அடியில நசுங்கிக் கெடக்கறாரு. ஹேண்ட் பிரேக்க எடுத்து வுட்டது நீதான்னு உன் மச்சாண்டாரே கம்ப்ளெயிண்ட் குடுத்துக்கீறாரு. நான் இன்னாம்மா பண்றது?"

"ஸ்டான்லி மாமாவா? மாமா அப்படியா எழுதிக் குடுத்தாரு?"

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜோதிலட்சுமிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. மோட்டார் இன்சூரன்சில் விபத்து வண்டிகளைச் சோதித்துச் சோதித்தே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். இப்போது செங்கல்பட்டில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். ஷாரோனின் அப்பா தேவசகாயம் விடிந்ததும் விடியாததுமாகப் போன் போட்டு அழுத அழுகையில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பி வந்திருந்தாள். வெறும் வயிற்றில் கோபம் இன்னும் நன்றாக ஏறும்.

வெள்ளிக்கிழமை காலை நடந்தது இதுதான். ஷாரோனின் கணவன் தாவீது ஏசி மெக்கானிக். சொந்தக் காரில் ஆயில் ஒழுகுகிறதென்று வாசலில் வைத்தே பார்த்துவிடலாம் என நினைத்தான். இரும்பில் செய்த சரிவு மேடை இரண்டைப் போட்டு, அதன் மேல் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தினான். ரேம்ப் என்பார்களே, அதுதான். அடியில் படுத்தான். வண்டி இறங்கி அவன் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. தெருவே ஓடிவந்து வண்டியைத் தூக்கித் தள்ளி ஆளை இழுத்தது. இப்போது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடக்கிறான். என்ன நடந்ததென்று அவன் சொல்லவும் வழியில்லை.

போலீஸ் வந்து பார்த்தபோது ரேம்ப் இரண்டும் குத்துக்கல் மாதிரி நின்றன. ஒரு கீறல் இல்லை. ரேம்ப் உடையவில்லை என்றால் வண்டி உருண்டிருக்கிறது. உருண்டதென்றால் யாரோ பிரேக்கை எடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தது ஷாரோன் மட்டும். கணக்கு எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள். பெண்பிள்ளை மேல் பழி போடுவதென்றால் யாருக்கும் மூளை வலிப்பதே இல்லை.

"சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாவணும்," என்றாள் சரோஜா. "உங்களால ஏதாவது ஆவும்னா மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க."

ஜோதிலட்சுமி வாசலுக்கு இறங்கினாள். அங்கே அவளுடைய உதவியாளன் பிரவின்குமார் ரேம்ப்புகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். மாமல்லபுரத்துப் பையன். கால்டாக்ஸி ஓட்டியவன். வாயைக் கட்டிப்போட்டால் மூக்கால் பேசுவான்.

"இன்னாடா தெரியுது?"

"ரெண்டு ரேம்ப் தெரியுதுக்கா. நம்ம ஆபீஸ் பெஞ்ச விட ஸ்ட்ராங்கா கீது. பேசாம இத எடுத்துனு போயி ஒக்காந்துக்கலாம்."

ஜோதிலட்சுமி முழங்காலிட்டாள். அவன் சொன்னது விளையாட்டில்லை. நல்ல கனமான ஆங்கிள் இரும்பு. அடி அகலம். சரிவு செங்குத்தாக இல்லாமல் நீண்டு ஏறியது. உச்சியில் சக்கரம் தாண்டி விழாதபடி உயரமான தடுப்பு. எவ்வளவு எடை தாங்கும் என்பதை ஸ்டிக்கராக ஒட்டாமல் இரும்பிலேயே பொறித்திருந்தார்கள். ஒன்றுக்கு இவ்வளவு, ஜோடிக்கு இவ்வளவு என்று பிரித்தும் போட்டிருந்தார்கள்.

"இத செஞ்சவன் மனுசன்," என்றாள். "ஜோடிக்குத் தாங்கற வெயிட்ட ஒண்ணுக்குன்னு பொய் சொல்லித்தான் பாதிப் பேரு விக்கறான். இதுல வண்டி ஏறி நின்னா, அடியில கல்யாணப் பந்தியே போடலாம்."

"அப்ப அந்தம்மாதான் பிரேக்க..."

"வாய மூடு."

அவன் மூடினான். இரண்டு விநாடிக்கு மேல் முடியவில்லை. "ஆயுத பூஜைக்குப் பொட்டு வேற வச்சி அம்சமா வச்சிக்கீறாங்கக்கா. எங்க வூட்லயும் அப்படித்தான், மிக்சிக்கு வச்சாங்க, கிரைண்டருக்கு வச்சாங்க. எங்க நைனா தூங்கிக்கினு இருந்தாரு, ஓடாத மிஷினாச்சேன்னு அவரு நெத்தியிலயும் ஒண்ணு வச்சிட்டாங்க."

ஜோதிலட்சுமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு ரேம்ப்பிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். ஆயுத பூஜை முடிந்த புதிதில் இந்த ஜில்லாவில் பொட்டு வைக்காத இரும்பு ஏது? போலீஸ் பார்த்தது, தெரு பார்த்தது, ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. தினம் பார்க்கிற முகத்தில் மூக்கு இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

"இது யாரு வூடுடா?"

"தாவீது வூடு."

"ஹால்ல இன்னா படம் மாட்டிக்கீது?"

"ஏசு படம்." பிரவின்குமார் தலையைச் சொறிந்தான். "ஆமால்ல! இந்த வூட்ல குங்குமம் வச்சது யாரு? ஆனா கடையிலயே வச்சி வித்திருப்பாங்கக்கா. கடைன்னா எல்லாத்துக்கும் வப்பாங்கல்ல."

"வச்சிருப்பாங்க. எந்த எடத்துல வச்சிக்கீறாங்க பாரு."

"நடுவுல. ஏறுற சரிவுல."

"வண்டிச் சக்கரம் எது மேலடா ஏறும்?"

பிரவின்குமாரின் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் உள்ளே பார்த்து, "இன்ஸ்பெக்டர் மேடம், கொஞ்சம் வாங்க!" என்று கத்தினான்.

சரோஜா வந்து குனிந்தாள். இரண்டு பொட்டும் வட்டம் கலையாமல், ஓரம் உதிராமல், வைத்த விரல் ரேகையோடு காய்ந்து கிடந்தன. சக்கரம் ஏறியிருந்தால் சந்தனம் பொடிப்பொடியாகி இருக்கும். ஓரமாகத் தள்ளி நிறுத்தியிருந்த காரின் முன்சக்கரங்களை அவளே போய்த் தடவிப் பார்த்தாள். ஒரு துளி குங்குமம் இல்லை.

"இது மேல எந்த வண்டியும் ஏறவே இல்ல," என்றாள் மெதுவாக.

"ஏறல. வேற ரேம்ப் இருந்துது. அது நசுங்கிச்சி. ஆள இழுக்கற அவசரத்துல அத எவனும் கவனிக்கல. ஆள தூக்கிக்கினு எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடின நேரத்துல எவனோ அத எடுத்துட்டு இத வச்சிக்கீறான்." ஜோதிலட்சுமி குரலை உயர்த்தினாள். "ஒருத்தன் சாவக் கெடக்கறான், இவன் சாமான் மாத்திக்கினு இருந்துக்கீறான்!"

ஷாரோன் ஓடிவந்து பார்த்தாள். "எங்களுதும் இதே செவப்புக் கலருதான் மேடம். நான் கிட்டப் போயி பாத்ததே இல்ல. அவரு எங்கிருந்தோ எடுத்தாந்து போட்டாரு. அன்னிக்கி வூடு தொறந்தது தொறந்தபடி கெடந்துது. யாரு வந்தாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஜோதிலட்சுமி ஒரு ரேம்ப்பைக் கவிழ்த்தாள். அடியில் கடை லேபிள் இருந்தது. எல்லப்பன் கார் அக்சஸரீஸ், செங்கல்பட்டு.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பிரவின்குமார் வண்டியை விரட்டினான். ஜோதிலட்சுமி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். யாரை என்று கேட்டால் எல்லாரையும்.

"தவணையில கார் வாங்கறானுங்க. சீட்டுக்குக் கவரு, ஸ்டியரிங்குக்குக் கவரு, முன்னாடி திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் மெளகா. அடியில படுக்கறப்ப மட்டும் ரெண்டு ஹாலோ பிளாக்! அது செவுத்துக்குச் செஞ்ச கல்லுடா, திடீர்னு பொடிஞ்சிடும். வெறும் ஜாக்கிய நம்பிப் படுத்தவனையும் நான் பாத்துக்கீறேன், வெள்ளத் துணி போத்தி. பின்சக்கரத்துக்குக் கட்டை குடுக்கணும், கியர்ல போடணும், ரேம்ப் போக, வண்டி எறங்காம தாங்கற ஜாக் ஸ்டாண்டு ஒண்ணு தனியா வைக்கணும். இத ஒரு பய சொல்லித் தர்றதில்ல."

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணல, எதுக்கு என்னைய திட்ற?"

"உன் வண்டியில ஆயில் மாத்தறப்ப இன்னா வச்ச?"

அவன் சற்று நேரம் ரோட்டைப் பார்த்தான். "ஹாலோ பிளாக்கு."

அதற்கப்புறம் அவள் திட்டியதை அச்சில் போட முடியாது.

எல்லப்பன் கடையில் ஹாரனுக்குப் பொட்டு, வைப்பருக்குப் பொட்டு, பிளாஸ்டிக் கவர் பிரிக்காத பொம்மைக்கும் பொட்டு. மூலையில் அதே சிவப்பு ரேம்ப்புகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் சரிவிலும் அதே இடத்தில் அதே சந்தனம். கல்லாவில் இருந்த எல்லப்பன், ரேம்ப் என்ற பேச்சை எடுத்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"என் ரேம்ப்ப பத்தி எவன் இன்னா சொன்னான்? லாரி ஏத்திக் காட்டட்டுமா?"

"நைனா, உங்க ரேம்ப் பத்தரமாத்துத் தங்கம்," என்றான் பிரவின்குமார். "வாங்கினவன்தான் பித்தள. யாரு வாங்கினதுன்னு ஞாபகம் கீதா?"

"பூஜைக்கப்புறம் ஒரே ஜோடிதான் போச்சி. முந்தாநாள் ஒருத்தரு அவசரமா வந்தாரு. வேத்து விறுவிறுத்துப் போயி நின்னாரு. வெல சொன்னேன், பேரமே பேசல! நம்ம ஊர்ல பேரம் பேசாம ஒருத்தன் இரும்பு வாங்கினா மறக்க முடியுமா?"

"ஆளு யாரு?"

எல்லப்பன் சிரித்தார். "அதான் வேடிக்கையே. அவரே ரேம்ப் செய்றவரு. பூஞ்சேரியில வெல்டிங் பட்டற. போன வருசம் அவரு செஞ்ச ரேம்ப்ப எடுத்தாந்து, கடையில வச்சி விக்கறியான்னு கேட்டாரு. கையால அமுக்கினா உள்ள போவுது, தகர டப்பா மாதிரி. மேல 'மூணு டன்'னு ஸ்டிக்கரு. போய்யா யோவ், எனக்குப் புள்ளகுட்டி கீதுன்னு அனுப்பிட்டேன்."

"பேரு?"

"ஸ்டான்லி."

ஷாரோன் மேல் கம்ப்ளெயிண்ட் கொடுத்த, தாவீதின் அண்ணன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பிக்காக முழங்காலிட்டு ஜெபம் பண்ணிய அண்ணன்.

"இட்லிக் கடக்காரன் பக்கத்துக் கடையில இட்லி வாங்கறான்னா," பிரவின்குமார் முணுமுணுத்தான், "அவன் கட இட்லிய சாப்ட்டு எவனோ படுத்துட்டான்னு அர்த்தம்."

ஜோதிலட்சுமி அதற்குச் சிரிக்கவில்லை. சரோஜாவுக்குப் போன் போட்டாள். "பூஞ்சேரிக்கு வாங்க. நீங்க அரெஸ்ட் பண்றதா இருந்த பொண்ணையும் கூட்டிக்கினு வாங்க. அவ காதால கேக்கணும்."

திருக்கழுக்குன்றம் தாண்டிப் பூஞ்சேரிக்குள் நுழையும்போதே உப்புக்காற்று முகத்தில் ஒட்டியது. பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கேஸ் கட்டர் சீறும் சத்தம். பிரவின்குமார் ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கினான்.

"அண்ணாத்த, ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவலியா?"

ஸ்டான்லி திரும்பினான். கையில் நெருப்பு. காலடியில் இரண்டு சிவப்பு ரேம்ப்புகள். ஒன்றைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டிருந்தான். இன்னொன்று முழுசாகக் கிடந்தது. மிதித்த பால் டப்பா மாதிரி நடுவில் சப்பையாகி, அதன் மேல் டயர் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர், மூன்று டன்.

"கட்டர நிறுத்துடா," என்றாள் ஜோதிலட்சுமி.

நிறுத்தினான். ஜீப் வந்து நின்றது. சரோஜாவோடு ஷாரோனும் இறங்கி உள்ளே வந்தாள். தரையில் கிடந்ததை அவள் பார்த்தாள். மேலே சொல்ல ஒன்றும் தேவைப்படவில்லை.

"மாமா," என்றாள். "இது நீ செஞ்சதா?"

ஸ்டான்லி முகத்தை மூடிக்கொண்டான். "சத்தியமா வேணும்னு செய்யல ஷாரோனு. தம்பிக்கு ஆசையா குடுத்தேன். கூடப் பொறந்தவன்மா அவன்."

"அண்ணன் செஞ்சதுன்னு நம்பித்தான அடியில படுத்தாரு!"

"வெளில தெரிஞ்சா பட்டறைய மூடிடுவாங்க. என் குடும்பம் தெருவுக்கு வந்துரும்."

"அதுக்கு என்னைய கொலகாரின்னு எழுதிக் குடுத்தியா மாமா? ஆஸ்பத்திரியில என் தலையில கைய வச்சி ஜெபம் பண்ணியே, அதே கையாலயா எழுதின?"

ஜோதிலட்சுமி குனிந்து அந்த ஸ்டிக்கரை நகத்தால் கிழித்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மூணு டன்னு யாரு டெஸ்ட் பண்ணது?"

"யாரும் பண்ணல மேடம்."

"அப்பறம் இது எங்கிருந்து வந்துது?"

"ஸ்டிக்கர் கடையில ரெடிமேடா விக்கறாங்க மேடம். ஒரு டன், ரெண்டு டன், மூணு டன்னு. மூணு டன்னுதான் நல்லாப் போவுது."

அவளுக்குக் கை பரபரத்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறாள். ஒருத்தன் மேலும் இப்படி ஆத்திரம் வந்ததில்லை. இவன் திருட்டு முழி முழிக்கவில்லை. காய்கறியில் சொத்தை இருந்தது மாதிரி சொல்கிறான். பிரவின்குமார் மெல்ல இருவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

சரோஜா கான்ஸ்டபிளிடம் தலையசைத்தாள். "ஷாரோன், நீ வூட்டுக்குப் போம்மா. உம்மேல கேஸ் இல்ல. யோவ், ஜீப்புல ஏறு."

ஸ்டான்லி ஒரு அடி எடுத்து வைத்தான். ஷாரோன் குறுக்கே வந்தாள்.

"இருங்க மேடம். ஒண்ணு கேக்கணும். மாமா, இது மாதிரி இன்னும் எத்தன வூட்ல கீது?"

ஸ்டான்லி அவளைச் சுற்றிக்கொண்டு ஜீப் பக்கம் போகப் பார்த்தான்.

"நல்லாப் போவுதுன்னு சொன்னியே. எங்கெல்லாம் போச்சி?"

"கோவளத்துலருந்து கல்பாக்கம் வரைக்கும் கீதும்மா. இங்க ஓட்டலுக்குக் கார் ஓட்டறவங்க, தெரிஞ்சவங்க, சர்ச்சு ஆளுங்க..."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம," என்றாள் ஷாரோன்.

அதை அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பட்டறையில் இருந்த எல்லாருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. லீவு நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வண்டி வேலையை முடித்துவிட நினைக்கிற நாள்.

"போன எடு," என்றாள் ஷாரோன். "ஜீப்புல அப்பறம் ஏறு. உனக்குத் தெரிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் இப்பவே போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

ஸ்டான்லி சரோஜாவைப் பார்த்தான். "போடுய்யா!" என்று அதட்டினாள் அவள். அவன் போனில் ஒரு பெயரைத் தொட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல், பின்னால் குக்கர் விசில்.

"அலோ, ஸ்டான்லி அண்ணனா? அவரு வண்டிக்கு அடியில கீறாருண்ணா. ஆயில் மாத்திக்கினு கீறாரு, கை பூரா கிரீசு. அப்பறமா பேசச் சொல்லட்டா?"

ஷாரோன் போனைப் பிடுங்கினாள்.

"அக்கா! வெளில வரச் சொல்லுக்கா! ஓடுக்கா! அந்த ரேம்ப்பு தாங்காது, மொதல்ல அவர வெளில வரச் சொல்லு!"

"யாரும்மா நீ? இன்னா சொல்ற?"

"யாரா இருந்தா இன்னாக்கா, கால புடிச்சி இழுக்கா!"

போனைப் போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. தூரத்தில் "ஏங்க... ஏங்க..." என்று ஒரு அலறல். அப்புறம் எதுவும் இல்லை. குக்கர் மட்டும் இன்னொரு விசில் அடித்தது. பிரவின்குமார் வாயில் ஒரு கேலியும் இல்லை. அவன் ஜோதிலட்சுமியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது அவனுக்கே தெரியவில்லை.

பிறகு ஒரு ஆணின் குரல், எரிச்சலோடு, கிட்டத்தில் வந்தது.

"இன்னாடி உனக்கு? ஒரு மனுசன நிம்மதியா வேல செய்ய வுட மாட்டியா நீ?"

ஷாரோன் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தாவீது வண்டிக்கு அடியில் கிடந்த நிமிஷத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. வாய்விட்டு அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை ஸ்டான்லியின் பக்கம் நீட்டினாள்.

"அடுத்த நம்பரப் போடுடா," என்றாள்.